மொரிஸ் மைனரின் சிவப்பு விளக்கு

பழைய கார்களில் சாவியைத் திருப்பியதும் வேகமானிக்குள் சிறியதொரு சிவப்பு விளக்கு எரியும். இஞ்சின் உயிர்பெற்றுச் சற்று வேகமெடுத்ததும் அணைந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கையில் அது மறுபடி எரிந்தால் டைனமோ பழுதாகிவிட்டது என்று பொருள் கொள்வது நம்மவர் வழக்கம். கார் வைத்திருப்போரும் அப்படித்தான் சொல்வார்கள். கராஜ்காரர்களிலும் பலர் அப்படித்தான் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாததால் நல்ல டைனமோக்கள் எத்தனையோ கழற்றி எறியப்பட்டிருக்கின்றன. அண்மையில் குருவிட்டையில் ஒரு மொரிஸ் மைனர் பாதி விலைக்குக் கைமாற இருந்ததற்கும் இந்தப் பாதி உண்மையே காரணம்.

குருவிட்ட எங்கேயிருக்கிறது என்று கேட்கும் வெளிநாட்டு வாசகர்களுக்கு: கொழும்பிலிருந்து அவிசாவளை, எஹலியகொட வழியாக இரத்தினபுரி செல்லும் ஏ4 நெடுஞ்சாலையில், இரத்தினபுரிக்குச் சுமார் 12 கிலோமீற்றர் முன்னே இருக்கும் சிறு நகரம். குரு கங்கை அதனருகே ஓடுகிறது. எரத்ன வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறும் யாத்திரிகர்கள் இங்கேதான் திரும்புவார்கள். இறப்பர் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் மாணிக்கக்கல் குழிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும் பிரதேசம். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை கொட்டும். இந்த மழையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் தேவைப்படும்.

காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தோட்டத்துப் பெரிய கிளாக்கர். எண்பத்தைந்து வயதாகிறது. எழுபதைத் தாண்டிய என்னைத் ‘தம்பி’ என்று அழைக்க இவ்வுலகில் எஞ்சியிருக்கும் ஒரு சிலரில் அவர் ஒருவர். நான் அவரை ‘ஐயா’ என்பேன். பத்திரிகையில் மாவட்டச் செய்திகளைக் கவனித்த நாட்களில், சப்ரகமுவ தோட்டங்களைப் பற்றி ஏதேனும் எழுத நேர்ந்தால் முதலில் அவரிடமே விசாரிப்பேன். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் தமது 1955ஆம் ஆண்டு மைனரை அவருக்கு விற்றுவிட்டுப் போனார். அதன் இலக்கத் தகட்டில் ‘ஈ.வை.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. 1957இல் வாகனத் தகடுகளுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்ததையும், அடுத்த ஆண்டு அதன்மேல் தார் பூசப்பட்டதையும், அதன் விளைவுகளையும் மூத்த வாசகர்கள் அறிவார்கள். இந்தக் கார் அதற்கு முந்தியது. “எந்தக் கலவரத்துக்கும் சம்பந்தமில்லாத நம்பர்” என்று ஐயா சிரிப்பார். அது முழுக்க உண்மையல்ல என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மொரிஸ் மைனர் 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் படைப்பு. பிறகு ‘மினி’ காரை வடிவமைத்தவரும் அவரே. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் இது. இலங்கையில் டாக்டர்மார், ஆசிரியர்கள், தபாலதிபர்கள், தோட்டத்துச் சின்னத் துரைமார் என்று எல்லோரும் இதை ஓட்டினார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் புதிய கார் என்பது கனவாகிப் போக, இருந்த மைனர்களையே தட்டியும் ஒட்டியும் நாடு ஓடியது. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைக்காத உதிரிப்பாகம் உலகில் எங்குமே கிடைக்காது என்று அக்காலத்தில் சொல்வார்கள்.

இனி விடயத்துக்கு வருவோம். ஐயாவைக் கண் சிகிச்சைக்காக இரத்தினபுரிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இப்போது அவர் ஓட்டுவதில்லை, ஓட்டியவன் நான். திரும்பும்போது இருட்டிவிட்டது. முன்விளக்குகளைப் போட்டேன். சற்று நேரத்தில் வேகமானிக்குள் மங்கலாக ஒரு சிவப்பு. எரிகிறதா, எரிவதுபோல் தோன்றுகிறதா என்று சந்தேகிக்கும் அளவுக்கு மங்கல். முன்விளக்குகளை ஒரு கணம் அணைத்தால் அதுவும் அணைந்தது. போட்டால் மீண்டும் வந்தது. ஐயா அதைப் பார்த்துவிட்டு, “மூன்று மாதமாக இப்படித்தான். பகலில் ஒன்றும் தெரியாது” என்றார்.

கனடாவிலிருக்கும் மகன், தொலைபேசியில் பேசும் போதெல்லாம் காரை விற்றுவிடச் சொல்கிறாராம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கார்களுக்கு வந்த மதிப்பை நாம் அறிவோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்த பிறகும், அழகுக்காகப் பழைய கார் வாங்குவோர் குறைந்தபாடில்லை. அப்படியொருவர் கொழும்பிலிருந்து வந்து, மாலை நேரத்தில் ஓட்டிப் பார்த்து, அந்த மங்கலான சிவப்பைச் சுட்டிக்காட்டி, டைனமோ முடிந்துவிட்டது, வயர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கேட்ட விலையில் பாதியாகக் குறைத்திருக்கிறார். ஊர் கராஜ் ஒன்றிலும் அதையே சொல்லியிருக்கிறார்கள். டைனமோவைத் தூக்கிவிட்டு ஜப்பான் அல்டர்னேட்டர் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்பது அவர்களது யோசனை. ஐயாவுக்குக் காரை விற்பதில் ஆட்சேபம் இல்லை. இல்லாத குற்றத்தைச் சொல்லி விலையைக் குறைப்பதில்தான் ஆட்சேபம்.

அந்தச் சிவப்பு விளக்கு உண்மையில் என்ன சொல்கிறது? பல்பின் ஒரு கால் சாவிச் சுவிட்ச் வழியாகப் பற்றரியோடு இணைந்திருக்கிறது. மறு கால் டைனமோவின் ‘டி’ முனையோடு. இவ்வளவுதான். சாவியைத் திருப்பும்போது ஒரு பக்கத்தில் பற்றரியின் 12 வோல்ட், மறு பக்கத்தில் ஒன்றுமில்லை; மின்சாரம் பாய்ந்து பல்ப் எரிகிறது. இஞ்சின் ஓடியதும் டைனமோ தன் பக்கத்து அழுத்தத்தை உயர்த்துகிறது. இரண்டு பக்கமும் சமமானால் பாய்வதற்குக் காரணமில்லை, பல்ப் அணைகிறது. இரத்தினபுரிக் கல் வியாபாரியின் தராசு போல. இரண்டு தட்டும் சமமாக நின்றால் முள் அசையாது. எந்தத் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதை முள் சொல்லாது. வித்தியாசம் இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும்.

ஆகவே விளக்கு எரியும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஓடும்போது முழுச் சிவப்பாக எரிந்தால் டைனமோ பக்கம் ஒன்றுமில்லை; பெல்ட் அறுந்திருக்கலாம், காபன் தேய்ந்திருக்கலாம். மெதுவாக ஓடும்போது அணைந்து, வேகம் கூடக் கூட மறுபடி பிரகாசித்தால் டைனமோ நன்றாக உழைக்கிறது. ஆனால் அதன் உழைப்பு பற்றரிக்குப் போய்ச் சேரவில்லை. இப்போது டைனமோவின் தட்டுத்தான் கனமான தட்டு. நம் மெக்கானிக்குகள் ‘கட்அவுட்’ என்று சொல்லும் பெட்டியிலுள்ள இணைப்பு மூடவில்லை என்பது அதன் பொருள். சாவியைத் திருப்பும்போதே எரியாவிட்டால் முதலில் பல்பைப் பாருங்கள். பல்ப் போன காரில் விளக்கு ஒருபோதும் குறை சொல்லாது. சார்ஜ் இல்லாமலே நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்து ஒருநாள் நடுவீதியில் நிற்பீர்கள். இன்னொன்று: டைனமோ உள்ள காரில் பல்ப் போனாலும் சார்ஜ் ஏறுவது நிற்காது. அல்டர்னேட்டர் பலவற்றில் அந்தப் பல்ப் வழியாகச் செல்லும் சிறு மின்சாரமே இயந்திரத்தைத் தூண்டுவதால், பல்ப் போனால் சார்ஜும் போகலாம். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

பக்கத்திலேயே இன்னொரு விளக்கு உண்டு, ஒயில் அழுத்தத்துக்கானது. அது ஓடும்போது எரிந்தால் பேச்சுக்கே இடமில்லை. அந்த இடத்திலேயே இஞ்சினை நிறுத்த வேண்டும். சிவப்பு விளக்கு அப்படியல்ல. அதற்கு ஒரு கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்வியை அறிந்திருந்ததால் ஓருயிரல்ல, ஈருயிர்கள் பிழைத்த கதையை ஐயா அன்றிரவு சாப்பாட்டின்போது சொன்னார். முன்னரும் கேட்டிருக்கிறேன். இம்முறை விபரங்களைக் குறித்துக்கொண்டேன்.

1976ஆம் ஆண்டு, மழைக்காலம். அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரிப் பக்கம் ஓடிய சிறு ரயில் அந்த நாட்களில்தான் இல்லாமற்போனது. தோட்டத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறியே கதி. அன்றிரவு லொறி கொழும்புக்குப் போயிருந்தது. பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மனைவிக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்திருந்தால் இரண்டும் போய்விடும் என்று தோட்டத்து மருத்துவிச்சி லயத்திலிருந்து ஆளனுப்பினார். ஐயா காரை எடுத்தார். பின்னிருக்கையில் அந்தப் பெண்ணும் மருத்துவிச்சியும், முன்னால் கணவன். தோட்டத்துப் பாதையில் இரண்டு மைல் இறங்குவதற்குள் சிவப்பு விளக்கு முழுதாக எரிந்தது.

ஐயா காரை நிறுத்தினார், இஞ்சினை நிறுத்தவில்லை. இறங்கி, பொனட்டைத் திறந்து, டோர்ச் அடித்து ஒன்றை மட்டும் பார்த்தார்: பான் பெல்ட் இருக்கிறதா? மைனரில் டைனமோவைச் சுழற்றும் அதே பெல்ட்தான் விசிறியையும் தண்ணீர்ப் பம்ப்பையும் சுழற்றுகிறது. அது அறுந்திருந்தால் சில மைல்களில் இஞ்சின் கொதித்துவிடும், போகவே முடியாது. அறுந்திருக்கவில்லை. ஆக டைனமோ மட்டும்தான் செத்திருக்கிறது. இனிப் பற்றரியில் எவ்வளவு மிச்சமோ அவ்வளவு தூரம் போகலாம்.

அவர் கணக்கெழுத்தர் அல்லவா? நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டார். இஞ்சினுக்குள் பொறி உண்டாக்க மூன்று, நான்கு அம்பியர் போதும். முன்விளக்கு இரண்டும் பின்விளக்கும் அதைப்போல இரண்டு மடங்கு குடிக்கும். வைப்பருக்கும் ஒரு பங்கு. பற்றரியோ பழையது, அந்தக் காலத்தில் புதியதை எங்கே வாங்குவது? எல்லாவற்றையும் எரித்துக்கொண்டு போனால் பாதி வழியில் நின்றுவிடும். வெறும் இஞ்சினை மட்டும் ஓட்டினால் இரத்தினபுரியைத் தாண்டியும் போகலாம். எனவே விளக்குகளை அணைத்தார். வைப்பரை நிறுத்தினார். கணவன் கையில் டோர்ச்சைக் கொடுத்து, முன் மட்காட்டின்மேல் உட்காரவைத்தார். அந்த மனிதர் மழையில் நனைந்தபடி ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாதைக்கு வெளிச்சம் காட்டினார். ஐயா பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஓட்டினார். பிரேக்கை மிதித்தால் பின்னால் விளக்கெரியும், அதுவும் செலவு. ஆகவே இறக்கத்தில் கியரை மாற்றியே வேகத்தைக் குறைத்தார். இஞ்சின் நின்றுவிடக்கூடாது என்பதே பெரிய பயம். ஸ்டார்ட்டரை ஒருமுறை இழுத்தால் அது நூறு அம்பியருக்கு மேல் வாங்கிவிடும். நின்றால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவதற்காக அதை எடுத்துக் காலடியில் வைத்திருந்தார். நிற்கவில்லை.

பிரதான வீதிக்கு வந்ததும் லொறிகளின் வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டு போனாராம். எதிரே வருபவன் இருட்டில் வரும் காரைக் காணமாட்டான் என்பதால், வளைவுகளில் மட்டும் சிறு விளக்குகளைப் போட்டு உடனே அணைத்திருக்கிறார். அதிகாலையில், இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. விடிந்ததும் ஐயா டைனமோவைக் கழற்றிப் பார்த்தார். காபன் தேய்ந்து கூட்டுக்குள்ளேயே சிக்கியிருந்தது. மாற்றுக் காபன் இரத்தினபுரி முழுவதிலும் கிடைக்கவில்லை. ஒரு கராஜில் லொறி டைனமோவின் பெரிய காபனொன்றை வாங்கி, சீமெந்துத் தரையில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து பொருத்தினார். அது நான்கு வருடம் ஓடியது.

அந்தக் குடும்பம் சில ஆண்டுகளில் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போய்விட்டது. தலைமன்னார் ரயிலைப் பிடிப்பதற்காக அவர்களது தகரப் பெட்டிகளைக் கூரைமேல் கட்டிக் கோட்டை நிலையம் வரை கொண்டுபோய் விட்டதும் இதே கார்தான். அப்போது அந்தப் பிள்ளை நன்றாகப் பேசுமாம். முன்னிருக்கையில் நின்றுகொண்டு அந்தச் சிவப்பு விளக்கை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்ததாக ஐயா சொன்னார். பிறகு ஒரு தகவலும் இல்லை.

இலக்கத் தகட்டைப் பற்றிச் சொல்ல ஒன்று பாக்கி வைத்தேன். 1983 ஜூலையில் வன்செயல் இங்கும் பரவியபோது, அயலிலிருந்த சிங்களக் குடும்பத்தினர் ஐயாவின் குடும்பத்தைத் தம் வீட்டிலும் காரைத் தமது இறப்பர் புகைக்கூடத்திலும் மறைத்து வைத்தார்கள். கார் அங்கே பல மாதம் கிடந்தது. வெளியே எடுத்துப் புதுப் பற்றரி பூட்டியபோது இஞ்சின் ஓடியது, சிவப்பு விளக்கு அணையவில்லை. பெல்ட் சரி, காபன் சரி, வயர் சரி. டைனமோ மின்சாரம் உண்டாக்கத் தொடங்க வேண்டுமானால் அதன் இரும்பில் பழைய காந்தம் கொஞ்சமாவது எஞ்சியிருக்க வேண்டும். நீண்ட நாள் கிடந்ததில் அது போய்விட்டது. பரிகாரம் எளிது: டைனமோவின் ‘எப்’ வயரைக் கட்அவுட்டிலிருந்து கழற்றி, பற்றரியின் உயிர் முனையில் சில விநாடிகள் தொட்டு எடுத்தால் காந்தம் திரும்பும். இதை அறியாமல் டைனமோவை மாற்றியவர்கள் உண்டு. மாற்றிய டைனமோவும் அதே காரணத்தால் வேலை செய்யாமல், கார் மேலேயே பழியைப் போட்டவர்களும் உண்டு.

மறுநாள் காலை, மின்வேலை தெரிந்த ஓர் இளைஞனை ஐயா வரவழைத்தார். சிங்களப் பையன், ஐயா அவனை ‘மல்லி’ என்றார், அவன் இவரை ‘அங்கிள்’ என்றான். உரையாடல் சிங்களத்தில். பிரியஸ், வேகன் ஆர் போன்றவற்றைக் கணினி வைத்துப் பார்த்துப் பழகியவன். டைனமோவை அவன் அதற்கு முன் கழற்றியதில்லை என்பதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மீற்றரின் கறுப்பு வயரை உடம்பில் வைத்து அளந்தவன், எண்ணுக்கு முன்னால் கழித்தற்குறி வந்ததைக் கண்டு விழித்தான். இக்காரில் பற்றரியின் நேர் முனைதான் உடம்போடு இணைந்திருக்கிறது. 1960களின் பிற்பகுதி வரை பிரித்தானியக் கார்கள் பலவற்றில் அதுவே முறை. இது தெரியாமல் வேறு காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யப் போனால் பெரும் பொறி பறக்கும்.

ஐயா கதிரையில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் செய்தான். பெல்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்; இறுக்கம் சரி. பற்றரி ஓய்வில் 12.5 வோல்ட், நல்லது. பிறகு டைனமோ பரிசோதனை. அதன் ‘டி’, ‘எப்’ வயர்கள் இரண்டையும் கழற்றி, இரு முனைகளையும் ஒரு வெறும் வயரால் இணைத்து, அதிலிருந்து உடம்புக்கு மீற்றரைப் பிடித்து, இஞ்சினை மெதுவாக வேகப்படுத்த வேண்டும். நல்ல டைனமோ கட்டுப்பாடின்றி மளமளவென்று ஏறும். 20 வோல்ட்டைத் தொட விட்டு அதற்குமேல் போகாமல் நிறுத்திவிட வேண்டும். அரை, ஒரு வோல்ட்டில் நின்றால் காந்தச் சுருளில் கோளாறு. நான்கு, ஐந்தில் நின்றால் ஆமெச்சரில் கோளாறு. இது சட்டென்று 20ஐத் தொட்டது. எழுபது வயதுக் காரின் டைனமோ. பையன் ஐயாவைத் திரும்பிப் பார்த்தான்.

கழற்றிய வயர்களைப் பூட்டி, இஞ்சினை ஓடவிட்டு, முன்விளக்குகளையும் போட்டான். கட்அவுட்டின் ‘டி’ முனையில் 14.4 வோல்ட். அதே பெட்டியின் ‘ஏ’ முனையில், அதாவது பற்றரிக்குப் போகும் வாசலில், 12.2. ஒரு சாண் அகலம்கூட இல்லாத பெட்டிக்குள் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணாமற்போயிருந்தது. விளக்கு மங்கலாக எரிந்த காரணம் அதுவே. அந்த இரண்டு வோல்ட்தான் பல்பை இலேசாகச் சூடாக்கியது. பகலில் முன்விளக்கு எரியாததால் மின்சாரம் குறைவு, இழப்பும் குறைவு, பல்பும் அணைந்திருந்தது. இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. சார்ஜைக் கட்டுப்படுத்தும் பொறி ‘டி’ பக்கத்து அழுத்தத்தையே பார்க்கிறது. அங்கே 14.4 இருப்பதைக் கண்டு, எல்லாம் நிறைவாக இருக்கிறது என்று நம்பி அது டைனமோவைத் தணிக்கிறது. மறு பக்கத்தில் பற்றரி பட்டினி கிடக்கிறது. தலைமை அலுவலகத்து அறிக்கையை வைத்து ஒரு மாவட்டத்தின் நிலைமையை எழுதிய செய்திகள் சில எனக்கு நினைவுக்கு வந்தன.

பெட்டியைத் திறந்தோம். முன்பு சொன்ன மழை உள்ளே இருந்தது. ‘ஏ’ முனையின் திருகாணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கட்அவுட் இணைப்பின் இரு முகங்களிலும் கருமை. 2003 மே மாத வெள்ளத்திலும் 2017 மே மாத வெள்ளத்திலும் நீர் வாசல் வரை வந்து போன வீடு இது. காருக்குள் வெள்ளம் ஏறாவிட்டாலும் ஈரம் எதையும் விட்டுவைப்பதில்லை. முதலில் பற்றரியைக் கழற்றினோம். கட்அவுட்டின் இணைப்பு முகங்கள் மென்மையானவை. அவற்றுக்கு மெல்லிய கண்ணாடித்தாளை மடித்து இடையே விட்டு இழுக்க வேண்டும். கரடுமுரடான எமரித் தாள் ஆகாது. பக்கத்திலிருக்கும் ரெகுலேட்டர் முகங்களுக்கு மட்டும் மெல்லிய எமரி போடலாம். இதை ஐயா இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, வயர் நுனிகளை வெள்ளையாகும்வரை சுரண்டி, திருகாணிகளை இறுக்கினான். ஒரு மணி நேர வேலை. மீண்டும் அளந்தபோது இரண்டு முனைகளுக்கும் இடையே வித்தியாசம் 0.2 வோல்ட்.

பிரித்தானியர் இக்காரின் மின்சாதனங்களைச் செய்த லூக்காஸ் நிறுவனத்தை ‘இருளின் இளவரசன்’ என்று கேலி செய்வார்கள். பர்மிங்காமில் விளக்கு வியாபாரத்தில் தொடங்கிய நிறுவனத்துக்கு வந்த பெயரைப் பாருங்கள். என் அனுபவத்தில் இளவரசன் மீதான குற்றச்சாட்டுகளில் பாதிக்கு மேல் களிம்பேறிய திருகாணிகளைச் சேர்ந்தவை.

அல்டர்னேட்டர் மாற்றுவதை நான் குறைசொல்லவில்லை. குறைந்த வேகத்திலேயே நிறைய மின்சாரம் தரும். கொழும்பு நெரிசலில், இரவில், மழையில் தினமும் ஓட்டுகிறவருக்கு அது நல்லதே. ஆனால் அதைப் பொருத்துவதென்றால் பெரும்பாலும் நேர்-எதிர் முனைகளையும் மாற்ற வேண்டும். களிம்பு பிடித்த வயர்களையும் அப்படியே விட்டுவிட்டு அல்டர்னேட்டரைப் பூட்டினால், கூடுதலான மின்சாரம் அதே களிம்பின் வழியே போய் வயரைச் சுடும். நோய் ஓரிடம், மருந்து வேறிடம். மைனருக்குப் பாகம் கிடைக்காது என்ற பேச்சும் செல்லாது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயார், 1990களில் இலங்கையிலேயே அவற்றின் பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்ற வரலாறு உண்டு. நம் தகரவேலைக்காரர்கள் கையால் அடித்த பாகங்கள் அந்தக் கார் பிறந்த நாட்டின் வீதிகளில் ஓடின.

அன்று மாலை, இருட்டியபின், பையன் காரை எஹலியகொட வரை ஓட்டினான். நான் பக்கத்தில் இருந்தேன். முன்விளக்கு, வைப்பர் எல்லாம் போட்டுப் பார்த்தோம். சிவப்பு வரவில்லை. திரும்பி வந்ததும் ஐயா முதலில் கேட்டது, “சாவியைத் திருப்பும்போது எரிந்ததா?” என்றுதான். எரிந்தது என்றேன். அப்போதுதான் அவருக்குத் திருப்தி.

கொழும்புக்காரர் இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். விலையை ஐயா ஒரு ரூபாகூடக் குறைக்கவில்லை. களிம்பு பிடித்திருந்ததையும், துடைத்ததையும், அளந்த எண்களையும் ஒன்றுவிடாமல் சொன்னார். இன்னும் ஒரு வருடத்தில் காபன் மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் அவராகவே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவர் சொல்லியிருந்தார். ஞாயிறன்று நல்ல மழை, வரவில்லை. அடுத்த வாரம் வரக்கூடும்.

நான் புறப்படுவதற்கு முன் ஐயா ஒரு வேலை வைத்தார். யார் வாங்கினாலும், எந்தக் கராஜுக்குப் போனாலும், நேர் முனை உடம்பில் என்ற விடயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சிறு அலுமினியத் தகட்டில் ஐயா ஆங்கிலத்தில் எழுதினார். அதன் கீழே பையன் சிங்களத்தில் எழுதினான். தமிழ் வரி என் பொறுப்பு. இடம் போதாததால் ‘பற்றரியின் நேர் முனை உடம்பில்’ என்பதை இரண்டு வரியாக மடித்து எழுத வேண்டியிருந்தது. பையன் அதைத் துளையிட்டுக் கம்பியால் பற்றரித் தட்டில் கட்டினான். கம்பி எந்த முனையிலும் படாதவாறு இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் பொனட்டை மூடினான்.